விடாதே... பிடி!

கம்பம் என்றதும் தேனிப் பக்கத்து ஊரும் திராட்சைத் தோட்டமும் நினைவுக்கு வந்தால் நீங்கள் நல்ல பிள்ளை. உறியடித் திருவிழாவில் எண்ணெய் தடவி நட்ட வழுக்கு மரம் நினைவுக்கு வந்தால் கிராமத்துப் பிள்ளை. ‘போல் டான்ஸ்’ நினைவுக்கு வந்து, பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்றால்... பயப்படாதீர்கள் ஸார், நிமிர்ந்து உட்கார்ந்தே படிக்கலாம். மானேஜர் வந்தால் அவருக்கும் காட்டலாம்.

சினிமாவில் இதை எப்படிக் காட்டுவார்கள் என்று நமக்குத் தெரியும். வில்லன் சோபாவில் சாய்ந்திருப்பான். கையில் கோப்பை. எதிரே புகை. புகைக்கு நடுவே ஒரு கம்பம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இரண்டு சுற்று சுற்றுவாள். கதவை உடைத்துக்கொண்டு ஹீரோ வருவார். சோபா உடையும், கோப்பை உடையும், வில்லன் பல்லும் உடையும். அந்தக் கம்பத்துப் பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று எந்த டைரக்டரும் சொன்னதில்லை.

எனக்குத் தெரியும். சிட்னியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தேன். அதற்கு முன் நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

*

நான் சிட்னியில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிற ஆசாமி. எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவில் ஒரு அம்மணி. வயது 46. மூக்கு நுனியில் கண்ணாடி. டாக்ஸி பில்லில் 10 சென்ட் இடித்தாலும் மூன்று ஈமெயில் அனுப்புகிற ரகம். நான் வைத்திருக்கும் பெயர் ‘கணக்கு மேடம்’.

ஒரு நாள் காபி மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“மேட், சனிக்கிழமை எனக்குப் போட்டி. வாலன்டியருக்கு ஆள் பத்தலை. வர்றியா?”

“என்ன போட்டி?”

“போல் டான்ஸ்.”

என் காபி பாதி வழியில் நின்றது. “எனக்கு என்ன வேலை?”

“கம்பம் துடைக்கணும்.”

இந்த உத்தியோகத்தை வீட்டில் எப்படி அறிவிப்பது? ரசம் பரிமாறப்படும் வரை காத்திருந்து, “சனிக்கிழமை ஒரு போட்டிக்குப் போறேன்” என்று ஆரம்பித்தேன். மனைவி கேள்வி கேட்கிற முறையில் சி.பி.ஐ.க்காரர்கள் டியூஷன் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கேள்வியில் முழு விவரமும் வெளியே வந்துவிட்டது.

“போல் டான்ஸா?”

“ஆமா. நான் ஆடலை. துடைக்கத்தான் போறேன்.”

“ஏங்க, நம்ம வீட்டு ஃபேனைத் துடைக்கச் சொல்லி ஆறு மாசமாச்சு...” கரண்டி ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. “சரி, நானும் வரேன்.”

வெஸ்ட்மீட்டில் ரயில் ஏறி, ரெட்ஃபெர்னில் மாறி, நியூடவுனில் இறங்கினோம். நான் கையில் வைத்திருந்தது பழைய பனியன் துணி. மேடம் ‘நல்ல பருத்தித் துணி’ என்று கேட்டிருந்தார். திருப்பூரை விடவா நல்ல பருத்தி?

*

துடைக்கிற வேலை ஏதோ எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். அந்த அரங்கில் பத்து நிமிஷத்தில் எனக்குப் பாடம் நடத்தினார்கள்.

கம்பத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். சர்வதேசப் போட்டிக் கம்பத்தின் உயரம் 4 மீட்டர். மேடையில் இரண்டு கம்பங்கள். ஒன்று நிலையாக நிற்கும். ஆள்தான் சுற்ற வேண்டும். இன்னொன்று பேரிங் வைத்தது. ஆளையும் சேர்த்துச் சுழலும். சுழலும்போது கை காலை உள்ளே மடக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும். ப்ளஸ் ஒன் பிஸிக்ஸில் தூங்கிப் போன கோண உந்தம் என்ற பாடம்தான். இங்கே தலைகீழாக நடத்துகிறார்கள்.

ஆளைக் கம்பத்தில் நிறுத்துவது உராய்வு. துணி வழுக்கும், தோல் பிடிக்கும். அக்குள், முழங்கால் மடிப்பு, உள்தொடை, இடுப்பு மடிப்பு எல்லாமே இவர்களுக்குக் கைகள் மாதிரி. உடை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நீச்சல்காரரை யாரும் வேட்டி கட்டிக்கொண்டு நீந்தச் சொல்வதில்லையே!

அதனால் போட்டி நாளில் க்ரீம், லோஷன் எதுவும் கூடாது. முன்னால் ஆடியவரின் வியர்வை ஒரு கோடு மிச்சமிருந்தாலும் அடுத்தவர் நழுவலாம். நழுவினால் முதலில் இறங்குவது தலை. ஆகவே ஒவ்வொருவர் ஆடி முடித்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியோடு துடைக்கிறவர்கள் மேடையேற வேண்டும். என்னோடு ஒரு வாலிபன். அவன் அணில் மாதிரி உச்சிக்கு ஏறி, துடைத்துக்கொண்டே இறங்குவான். என் கைக்கு எட்டியவரை என் பொறுப்பு.

முதல் முறை துடைத்து முடித்ததும் சபை முழுவதும் கைதட்டியது. யாருக்கு என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான்! பதினைந்து வருஷம் ஆபீஸில் உழைத்தும் கிடைக்காத கைதட்டல். மனைவி மட்டும் தட்டவில்லை. அவளுக்கு ஃபேன் ஞாபகம்.

*

மேடைக்குப் பின்னால்தான் வேடிக்கை.

நான் பார்த்த போட்டிகள் எல்லாம் வேறு மாதிரி. டிகிரி பரீட்சைக்கு நோட்ஸை ஒளித்து வைப்பார்கள். ஆபீஸில் பிரமோஷன் பட்டியல் வரும் வாரத்தில் நண்பன்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டான். இங்கே கணக்கு மேடத்தோடு சேர்த்து ஆறு பேர், ஒரே பிரிவு, ஒரே கோப்பை. அவர்கள் செய்துகொண்டிருந்ததைப் பாருங்கள்.

மேடத்தின் மணிக்கட்டுக்கு இறுக்கமாக டேப் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு 24 வயதுப் பெண். பிஸியோதெரபிஸ்ட். போட்டியில் முதலிடம் அவளுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஒரு டிரக் டிரைவர் அம்மாள் தன் கைப்பிடிப்புத் திரவத்தை (உள்ளங்கை வியர்க்காமல் இருக்கத் தடவிக்கொள்வது) எல்லாரிடமும் சுற்றுக்கு விட்டிருந்தார், நம் வீட்டுக் கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் சுற்றுகிற மாதிரி. ஒருத்தியின் உடையில் கொக்கி தெறித்தது. ஐந்து பேரிடமிருந்தும் ஊக்கு நீண்டது.

எல்லார் முழங்காலிலும் தொடையிலும் நீலமாகக் கன்றிப்போன தழும்புகள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கம்பம் கொடுத்த முத்தம்’. முத்தம் கொடுப்பதில் கம்பத்துக்குக் கஞ்சத்தனம் கிடையாது போலிருக்கிறது.

“எதிரிக்கு ஏன் டேப் சுத்தறே?” என்று அந்த பிஸியோ பெண்ணிடம் கேட்டேன்.

“எதிரியா? நான் முதல் தடவை தலைகீழா தொங்கினப்ப, கீழே ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னது இவங்கதான்” என்றாள். “இன்னிக்குக் கோப்பை. திங்கட்கிழமை வகுப்பு. மறுபடி இவங்க கீழேதான் நான் தொங்கணும்.”

விஷயம் இதுதான். இந்தக் கலையைத் தனியாகக் கற்பது ஆபத்து. புதிதாக ஒரு நிலையைப் பழகும்போது ஒருத்தர் கீழே நின்று முதுகையோ தோளையோ தாங்க வேண்டும். மெத்தை போடுவார்கள்; ஆனாலும் கழுத்து மெத்தையில் எப்படி விழும் என்பதை மெத்தை தீர்மானிக்காது, கீழே நிற்பவர்தான் தீர்மானிப்பார். ஒருத்தர் கையில் கழுத்தை ஒப்படைத்துவிட்டு, பிறகு அவரோடு கோப்பைக்காகச் சண்டை போடுவது கஷ்டம்.

மேடத்தை எது இதில் இழுத்துவிட்டது? கண்ணாடி இல்லாமல் அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். “இருபது வருஷமா வீட்டையும் ஆபீஸையும் சுமந்தாச்சு. நான் சுமக்காத ஒரே எடை என்னோடதுதான். அதையும் தூக்கிப் பார்ப்போமேன்னு வந்தேன். முதல் வகுப்புல ரெண்டு விநாடி தொங்கலை” என்றார்.

*

கம்ப ஆட்டத்தின் ஜாதகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இதன் இப்போதைய உருவம் வட அமெரிக்காவின் இரவு விடுதிகளில் வளர்ந்தது. 1990-களில் கனடாவைச் சேர்ந்த ஃபானியா மாண்டே என்ற ஆட்டக்காரர் இதை வெளியாருக்கும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். படத்துக்காக இதைக் கற்ற ஹாலிவுட் நடிகை ஷீலா கெல்லி, பிறகு லாஸ் ஏஞ்சலஸில் சாதாரணப் பெண்களுக்கு வகுப்பு தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் 2005-ல் ‘மிஸ் போல் டான்ஸ் ஆஸ்திரேலியா’ போட்டி வந்தது. அதில் பட்டம் வென்ற ஃபெலிக்ஸ் கேன், பிற்பாடு ‘சர்க் டு சொலெய்’ சர்க்கஸ் மேடை வரை போனார். டெப் ரோச் என்ற ஆஸ்திரேலியர் சின்ன வயதில் ஒரு விபத்தில் ஒரு கையை இழந்தவர். மிச்சமிருந்த ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து, மாற்றுத்திறனாளிகள் பிரிவில் உலகப் பட்டம் வாங்கினார். இரண்டு கையும் உள்ள நான் அந்த அரங்கில் ஒரு தரம் கம்பத்தில் தொங்கிப் பார்த்தேன். விநாடிக் கணக்கு வேண்டாம், விடுங்கள்.

2009-ல் பிரிட்டனின் கேட்டி கோட்ஸ் முன்னின்று சர்வதேச போல் ஸ்போர்ட்ஸ் சம்மேளனத்தை உருவாக்கினார். 2012-ல் லண்டனில் முதல் உலகப் போட்டி. 2017-ல் சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களின் பொதுக் கூட்டமைப்பு இதற்குப் பார்வையாளர் அந்தஸ்து கொடுத்தது. ‘ஆஹா, ஒலிம்பிக்ஸுக்கு ஒரு படி’ என்று குதித்தார்கள். சம்மேளனத்தின் சட்டம் கடுமையானது: ஆட்டம் 3 நிமிடம் 20 விநாடியிலிருந்து 4 நிமிடத்துக்குள், கட்டாய நிலைகள் ஒவ்வொன்றையும் 2 விநாடி அசையாமல் காட்ட வேண்டும், உடையைக் கழற்றினால் அபராதம்.

நம்ம ஊர் பெரியவர் யாராவது ‘வெள்ளைக்காரன் கூத்து’ என்று முகம் சுளித்தால், அவரிடம் மல்லகம்பம் பற்றிச் சொல்லுங்கள். 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய ‘மானஸோல்லாஸ’த்தில் மல்லர்களின் கம்பப் பயிற்சி வருகிறது. 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில், பாலம்பட்ட தாதா தேவ்தர் என்ற வாத்தியார் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். மரக் கம்பம், மேலே விளக்கெண்ணெய் பூச்சு, இடுப்பில் லங்கோடு. 2019-ல் மும்பை சிவாஜி பார்க்கில் மல்லகம்பத்துக்கு உலகப் போட்டியே நடந்தது. இரண்டும் ஒரே வம்சம் இல்லை. ஆனால் உராய்வு விதி இரண்டுக்கும் ஒன்றுதான். லங்கோட்டில் ஏறினால் வீரம், ஷார்ட்ஸில் ஏறினால் விரசமா என்று மனைவி கேட்டாள். பதில் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு எழுதிப் போடலாம்.

*

ஐந்தாவதாக மேடையேறியவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். மேடைக்கென்று வேறு பெயர் வைத்திருந்தார். அனுமதியில்லாமல் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று அறிவிப்பாளர் இரண்டு தடவை எச்சரித்ததில் பாதி அவருக்காக. மாணவர்களின் பெற்றோர் யாராவது வீடியோவைப் பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

இரண்டு நிமிஷம் பிரமாதமாகப் போயிற்று. உச்சியில் கால்களை விரித்து, ஒரு கையை விட்டு... அந்த வினாடி மற்ற கையும் வழுக்கியது. சர்ர்ரென்று ஒன்றரை மீட்டர் சறுக்கி, முழங்கை தரையில் மோத விழுந்தார். பாட்டு பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவர் எழவில்லை.

என் வயிற்றில் புளி கரைந்தது. கடைசியாக அந்தக் கம்பத்தைத் துடைத்தது நாங்கள் இரண்டு பேர். வாலிபன் என் காதில், “அவங்க கை வியர்வை. நாம இல்லை” என்று கிசுகிசுத்தான். அவன் குரலும் நடுங்கியது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சத்தம். தமிழில்.

“விடாதே! பிடி!”

என் மனைவி. எழுந்து நின்றிருந்தாள். வீட்டில் பால் பொங்கும்போது போடுகிற அதே குரல்.

அந்தக் குரல் எங்கேயோ திரியைக் கொளுத்திவிட்டது. மேடையோரத்திலிருந்து மற்ற ஐந்து போட்டியாளர்களும் கத்தினார்கள். சபை முழுக்க எழுந்துவிட்டது. மனைவிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அர்த்தம் கேட்காமலேயே “பிடி! பிடி!” என்றார்.

டீச்சர் எழுந்தார். உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். மறுபடி கம்பத்தைப் பிடித்தார். உச்சிக்குப் போகவில்லை, பாதி உயரத்திலேயே மிச்ச ஆட்டத்தை முடித்தார். கணக்குப்படி அவருக்கு ஆறாவது இடம். முதலிடம், எதிர்பார்த்தபடி, பிஸியோ பெண்ணுக்கு. மேடத்துக்கு நாலாவது. போன வருஷம் ஆறாவதாம். கோப்பை வாங்கினவளைவிட நாலாவது வந்தவர் அதிகமாகக் குதித்தார்.

இதெல்லாம் நெகிழ்ச்சிதான். ஆனால் திங்கட்கிழமை டீச்சர் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லித்தரும்போது, முழங்கைக் கட்டைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள். “தோட்டத்துல விழுந்துட்டேன்” என்று சொல்வதாக அவர் உத்தேசித்திருந்தார். சபை எழுந்து நின்று கைதட்டிய ஒரு நாளை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு பாரம்!

*

இனி, டீ குடித்த கதை.

மூன்று நடுவர்களில் ஒருவர் காதோரம் நரைத்த பெண்மணி. 1990-களில் சிட்னியின் கிங்ஸ் கிராஸ் விடுதிகளில் ஆடியவர். சினிமாவில் வில்லன் சோபாவுக்கு எதிரே சுற்றுகிறாளே, அந்த வேலை. கூச்சமே இல்லாமல் சொன்னார். “ரெண்டு பிள்ளைகளை அதுலதான் படிக்க வெச்சேன்.”

2010-களில் இந்த ஆட்டக்காரர்களுக்குள் ஒரு பெரிய சண்டை. கம்ப ஆட்டம் கற்றுக்கொண்ட ஆபீஸ் பெண்கள் பலர், ‘நாங்கள் விடுதி ஆட்டக்காரிகள் இல்லை’ என்று படத்தோடு போட்டு இண்டர்நெட்டில் முழங்கினார்கள். விடுதி ஆட்டக்காரிகளுக்குக் கோபம் வந்தது. ‘நாங்கள் அதேதான்’ என்று பதிலுக்குப் போட்டார்கள். இன்றைக்கும் அந்தப் புண் முழுக்க ஆறவில்லை. ஒலிம்பிக்ஸ் கதவைத் தட்டுகிறவர்கள், பின்கதவு வழியாக வந்தவர்களை ஞாபகப்படுத்திக்கொள்ள விரும்புவதில்லை.

ரெண்டு பக்கத்து நியாயமும் புரிகிறது. டீச்சரின் வேலை ஒரு வீடியோவில் தொங்குகிறது. ‘நான் அந்த ரகம் இல்லை’ என்று அவர் சொல்லத் துடித்தால் யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் அப்படிச் சொன்னால் எதிரே உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர் எந்த ரகம்?

நடுவரம்மா டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: “இப்ப நீங்க கைதட்டறீங்களே, அதுல நிறைய அசைவை நாங்க ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்டுபிடிச்சோம். அப்ப மார்க் போட ஆள் இல்லை. இந்தப் பொண்ணுங்க ஒலிம்பிக்ஸுக்குப் போகட்டும், எனக்கு சந்தோஷம்தான். அடுத்த ஆட்டத்துக்காகக் கம்பத்தைத் துடைக்கலாம். எங்களைத் துடைக்க வேண்டாம்.”

டீச்சர் முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, “அந்த மேல் நிலையில என் பிடி எங்கே தப்பு?” என்று கேட்டார். நடுவரம்மா கப்பை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்து, “இதை இப்படித் திருப்பு” என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. அரங்கத்துக் காவலாளி விளக்கை அணைத்து அணைத்துக் காட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.

மேலே ஏறுகிறவருக்குக் கீழே ஒருத்தர் வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம். தனக்கு முன்னால் ஏறியவரைக் கீழே தள்ளிவிடாமல் இருப்பது கடைசிப் பாடம் போலிருக்கிறது. சம்மேளனத்தின் மார்க் ஷீட்டில் இதற்குக் காலம் கிடையாது. போட்டால் நல்லது.

*

இந்தக் கட்டுரையைப் படித்ததும் சில இளைஞர்கள் ஆர்வமாக என்ன கேட்பீர்கள் என்று தெரியும். “ஸார், டிக்கெட் எங்கே கிடைக்கும்?”

டிக்கெட் எல்லாம் எதற்குத் தம்பி? நல்ல திருப்பூர் பனியன் துணி இரண்டு எடுத்துக்கொண்டு வா. துடைக்க ஆள் எப்போதும் பற்றாக்குறைதான். கைதட்டல் உத்தரவாதம். ஒரே ஒரு நிபந்தனை... கிளம்புவதற்கு முன் வீட்டு ஃபேனைத் துடைத்துவிடு!